ரெண்டரையும் ரெண்டரையும் அஞ்சு

அடுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்தது. இரண்டு தட்டு வைத்த பழைய மின்சார ரொட்டி அடுப்பு, பீரோவைக் குப்புறப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. சுமை இறக்க வந்த இருவரும் அதை ஒருமுறை நேராகவும் ஒருமுறை பக்கவாட்டிலும் பிடித்துப் பார்த்தார்கள், பிறகு தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்கள்.

"வாசலை அளந்தீங்களா இல்லையா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

சித்தி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அளந்தேனே. கண்ணாலயே அளந்தேன். போதும்னு பட்டுச்சு," என்றார் சித்தப்பா.

கதவைக் கழற்றி, நிலைச்சட்டத்தின் ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, சிமெண்ட் உதிர உதிர அடுப்பை உள்ளே தள்ளினோம். சட்டத்தைத் திரும்பப் பொருத்தும்போது, ஆறு ஆணி இருந்த இடத்தில் சித்தப்பா மூன்றுதான் அடித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் என் அப்பாவின் தம்பி, வயர்மேன். தெருவில் அவருக்குப் பெயரே 'போதும்'. "போதும் இருக்காரா?" என்று யாராவது வாசலில் வந்து நின்றால், "ஏணியை எடுத்துட்டுப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று சித்தி சாதாரணமாகப் பதில் சொல்வாள். அவருடைய சைக்கிளில் ஒரு பிரேக்தான் வேலை செய்யும். "ரெண்டும் ஒரே வண்டியைத்தானே நிறுத்துது?" என்பார். மழைக்கோட்டில் மேல்பாதி மட்டும் வாங்கியிருக்கிறார். கால் தன்னால் காய்ந்துவிடுமாம். சாப்பிடும்போது இரண்டாம் முறை பரிமாறப் போனால் தட்டின் மேல் கையை விரித்து மூடிக்கொள்வார். அரைமணி நேரம் கழித்து, சமையலறையில் பாத்திர மூடியை யாரோ மெதுவாகத் திறக்கும் சத்தம் கேட்கும்.

அவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கஞ்சன் இல்லை. கேட்டவருக்கெல்லாம் தன் துளைக்கருவியைக் கொடுத்துவிட்டு, வேலை நாளில் அதைத் தேடி வீடு வீடாக அலைகிற ஆள் அவர். அவரால் தாங்க முடியாதது மிச்சம்தான். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் வயர்ச்சுருள் தூக்கப் போனபோது, அந்த ஆள் தினமும் வேலை முடிந்ததும் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, தரையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கச் சொல்வானாம். ஒரு சாணுக்கு மேல் நீளமான துண்டு கிடைத்தால் வெட்டியவனுக்கு அம்மா அப்பா வரைக்கும் திட்டு விழும். சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "அப்படித்தான் தொழில் கத்துக்கிட்டேன்." அவர் கற்றுக்கொண்டது தொழிலையா, அந்தத் திட்டுக்குப் பயப்படுவதையா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவர் வீட்டுப் பரண் முழுக்கச் சுருட்டி வைத்த வயர் துண்டுகள்தான். சித்தி அங்கே ஒரு மாவுச் சல்லடையை வைக்க இடம் கேட்டு, பல வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் வயரிங் செய்த வீடுகள் எதிலும் விளக்கு எரியாமல் இருந்ததில்லை. விளக்கும் மின்விசிறியும் கேட்கிற மின்சாரம் மிகவும் கொஞ்சம். மெல்லிய வயர் போட்டாலும் அவை மன்னித்துவிடும். ஆயுள் முழுக்க அவர் அந்த மாதிரி சாதுவான சாமான்களோடுதான் பழகியிருந்தார்.

சித்தியின் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு ரொட்டித் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தாள். மாவு பிசைவது, உருட்டுவது, அடுப்பில் வைப்பது, எடுப்பது எல்லாம் அவள்தான். ஆனால் மாஸ்டர் என்ற பட்டம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் தொழில் சொல்லிக்கொடுத்த பையனுக்கு முதலாளி அதைக் கொடுத்தார். மறுநாள் சித்தி ஏப்ரனைக் கழற்றி மேஜை மேல் மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டின் முன்னறைக்குச் சுண்ணாம்படித்து, இந்தப் பழைய அடுப்பை வாங்கினாள். செவிலியர் பயிற்சி விடுதியில் மாலைத் தேநீருக்கு ரொட்டியும் பன்னும் கொடுக்க ஒப்புக்கொண்டாள். முதல் வாரம் பார்ப்போம், ஒருநாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று வார்டன் சொல்லியிருந்தார். தெருக்கடைகளில் ஏற்கெனவே வேறு ரொட்டி நிறைந்திருந்தது. அந்த விடுதி கைவிட்டுப் போனால் சித்திக்கு இருந்த ஒரே வழி, மடித்து வைத்த அந்த ஏப்ரனைத் திரும்பப் போய் எடுப்பதுதான்.

நான் படித்தது மின்பொறியியல். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பார்ப்பதோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. ஆனால் குடும்பத்தில் எந்த மிக்சி நின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். "கரண்ட்டுக்குத்தானே படிச்ச?" என்பார்கள். அடுப்பின் பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் பார்க்கச் சொல்லி சித்தி என்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

தகட்டில் ஏழு கிலோவாட் என்று போட்டிருந்தது. வீட்டு மின்னழுத்தத்தால் வகுத்தால் முப்பது ஆம்பியர் சொச்சம் வரும். மெயின் போர்டு வீட்டின் பின்பக்கம், அடுப்பு முன்னறையில்.

"இதுக்கு ஆறு ஸ்கொயர் வேணும், சித்தப்பா," என்றேன். வயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்களவைத்தான் அப்படி எண்ணில் சொல்வது. எண் கூடினால் செம்பு தடிமன்.

"நாலு போதும்."

"நாலு, தனியா காத்தோட்டமா சுவத்து மேல போனா சரி. இது பைப்புக்குள்ள போகுது. கூடவே பம்பு வயர், ஃபிரிட்ஜ் வயர் எல்லாம் நெருக்கிக்கிட்டுப் போகுது. ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு ஏறும்."

"அதுங்களுக்குக் குளுரும் போல," என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டூலில் ஏறிப் பார்த்தபோதுதான் அந்தப் பைப் அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டிப் போவது தெரிந்தது. அடுப்பிலிருந்து எழும் அனலெல்லாம் போய் முட்டும் இடம் அது. வயர் தன் சூட்டை வெளியே விட வேண்டுமென்றால் வெளியே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெளியே ஏற்கெனவே கொதித்தால் அது யாரிடம் விடும்? பழைய பாடப்புத்தகத்தை எடுத்து, அட்டவணையைப் பார்த்து, அனலுக்கும் நெருக்கத்துக்குமாக வயர் தாங்கும் அளவைக் கழித்துக் கழித்துப் போட்டேன். மறுநாள் பத்து என்று போய் நின்றேன்.

சித்தப்பா ஏணியிலிருந்தே சிரித்தார். "நேத்து ஆறு, இன்னைக்குப் பத்து. நாளைக்கு வந்தா கைத்தண்டிக்குக் கேப்பே. எஞ்சினியரம்மா, ஒரு ராத்திரியில அடுப்பு வளந்துடுச்சா?"

எனக்குக் காது சூடானது. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் எண் மாறிக்கொண்டே இருந்தது. அவர் எண் மாறவே இல்லை. கேட்கிறவர்களுக்கு யார் தெரிந்து பேசுவதாகத் தோன்றும்?

கடைசியில் சித்தி நடுவில் வந்தாள். "நாலுக்கு மேலயே போட்டுடுங்க. அவ அவ்வளவு சொல்றா."

"சரி, நாலுக்கு மேலயே போடறேன்," என்றார் சித்தப்பா. அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுப்பை முதன்முதலில் போட்டுப் பார்க்கும் நாளில் போனேன். மெயின் போர்டின் மூடி திறந்திருந்தது. அடுப்புக்கான எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாகக் கீழே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சின்ன சுவிட்சு, புதிதாக மின்னியது. அதிலிருந்து கிளம்பியது ஒரு வயர் இல்லை, இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இரண்டையும் முனையில் ஜடை மாதிரி முறுக்கி ஒரே துளைக்குள் செருகியிருந்தார். மின்சாரம் திரும்பி வரும் நியூட்ரலிலும் அப்படியே ஒரு ஜோடி.

"இது என்ன சித்தப்பா?"

"ரெண்டரை ஸ்கொயர். பரண்ல நிறைய கிடந்துச்சு."

"நாலுக்கு மேல போடறேன்னீங்களே."

"ரெண்டரையும் ரெண்டரையும் எவ்வளவு?"

நான் குனிந்து அந்த முறுக்கைப் பார்த்தேன்.

"சொல்லேன், காலேஜுல கூட்டல் கழித்தல் உண்டுல்ல? அஞ்சு. நாலை விட ஒண்ணு கூட. இன்னும் கேளு. ஒரு ரெண்டரை இருபது ஆம்பியர் தாங்கும். ரெண்டு போட்டா நாப்பது. உன் சித்தி அடுப்புக்கு முப்பது. மீதி பத்து சும்மா தூங்குது."

ஒரு தப்பான கணக்கை மறுத்துவிடலாம். சரியான கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர் தப்பு செய்யும்போது எங்கே பிடிப்பது? பரணில் கிடந்தவை முழு நீளம் இல்லை, நடுவில் ஒட்டுப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒட்டுப் போட்ட இடம் ஒன்றில் கொஞ்சம் தளர்ந்தால், அந்த வயரில் ஓட வேண்டியதும் சேர்ந்து பக்கத்து வயரில் ஓடும். இருபது தாங்கும் வயர் முப்பதைச் சுமக்கும்.

"ரெண்டு பேர் சேந்து பீரோ தூக்கறாங்கன்னு வெச்சுக்குங்க," என்றேன். "ஒருத்தர் நழுவ விட்டுட்டா?"

"ஏன் நழுவ விடணும்? முறுக்கினது நானு."

"விட்டா எம்சிபிக்குக் கூடத் தெரியாது, சித்தப்பா. அது மொத்தத்தைத்தான் பாக்கும். மொத்தம் முப்பதுதான். எந்தப் பக்கமா வந்துச்சுன்னு அதுக்கு என்ன தெரியும்? அது விழாது."

"விழாதுன்னா நல்லதுதானே."

சித்தி மாவை அறைந்து மேஜை மேல் போட்டாள். "மாவுக்கு மேல நின்னு ரெண்டு பேரும் கத்தாதீங்க, எச்சில் தெறிக்குது. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எரியுமா, எரியாதா?"

சித்தப்பா சுவிட்சைப் போட்டார். அடுப்புக்குள் கம்பிகள் கொஞ்ச நேரத்தில் சிவந்தன. சித்தி கதவைத் திறந்து முகத்தை நீட்டி அந்த அனலை வாங்கிக்கொண்டாள். அவளுடைய சொந்த அடுப்பின் முதல் அனல். அந்த நேரத்தில் அவளிடம் ஒட்டுப் பற்றியும் தளர்ச்சி பற்றியும் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு விஷயமும் இருந்தது. அது கட்டாயம் தளரும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? தளரலாம் என்றுதான் எனக்குத் தெரியும். 'லாம்' என்று முடியும் எந்த வாக்கியமும் எங்கள் வீட்டில் எடுபடாது.

விடுதிக்கு ரொட்டி போகத் தொடங்கியது. முதல் நாள் நன்றாகப் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. "என்ன, பீரோ விழுந்துச்சா?" என்று சித்தப்பா எனக்குப் போன் செய்து கேட்டார்.

அந்த வாரம் விடுமுறை நாளில், தட்டுகளுக்கு எண்ணெய் தடவ நானும் போயிருந்தேன். மதியத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேல் தட்டில் ரொட்டி, கீழ்த் தட்டில் பன். அடுத்த ஈடு பொங்கி, ஈரத்துணிக்குள் தயாராகக் காத்திருந்தது. சித்தி திடீரென்று மூக்கைத் தூக்கினாள்.

"மீன் வாசனை வருதா?"

"பக்கத்து வீட்டுல வறுக்கறாங்க போல," என்றார் சித்தப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"அவங்க வீட்டுல முட்டையே சாப்பிட மாட்டாங்க."

வயரின் மேலுறை சூட்டில் இளகும்போது வருகிற நாற்றம் அது. சித்தி ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையோரம் போகும் பைப்பைத் தொட்டுவிட்டு, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பைப் நடுவில் தொய்ந்து, தொட்டில் மாதிரி இறங்கியிருந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். எம்சிபி விழவில்லை. எதுவுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றது. கையால் இறக்கினேன்.

திரும்பி வந்தபோது சித்தி அடுப்புக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சச் சூட்டில் பன் தேறிவிடும், ரொட்டி அமுங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். துணிக்குள் இருந்த ஈட்டுக்கு அந்தச் சூடும் இல்லை. பொங்கிய மாவிடம், கொஞ்சம் பொறு என்று சொல்ல முடியாது.

"ஒரு நிமிஷம் இரு, மேல பிரிச்சுப் பாத்து ஒரு டேப் சுத்திட்டா..." என்று ஏணியை எடுத்தார் சித்தப்பா.

"அதைத் தொடாதீங்க," என்றாள் சித்தி. "காய்கறிக்காரர்கிட்ட தள்ளுவண்டியை வாங்கிட்டு வாங்க."

அவள் எங்கே போகப் போகிறாள் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது, வேண்டாம் சித்தி என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அதற்குப் பதிலாக என்னிடம் என்ன இருந்தது?

தட்டுகளை வண்டியில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, சித்தப்பா தள்ள, நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் சித்தி, "மெதுவா, மாவு இறங்கிடும்" என்றாள்.

பழைய முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வண்டியையும் எங்களையும் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"வாம்மா. சொந்தக் கடையெல்லாம் எப்படிப் போகுது?"

"ஒரு ஈடு போட அடுப்பு வேணும்."

"உன் அடுப்பு என்ன ஆச்சு?"

"லைன்ல கோளாறு."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். "நீங்க வயர்மேன்தானே?"

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். சித்தப்பா தள்ளுவண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அதில் எந்தக் குறையும் இல்லை.

"அடுப்பு தருவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் சித்தி. "மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு இடம் பாக்க எனக்கு நேரம் இல்லை."

"இன்னும் அதே வாய்," என்றார் முதலாளி. உள்பக்கம் கையை நீட்டினார். "மேல்தட்டு காலிதான். மாஸ்டரைக் கேட்டுக்கோ."

அவள் தொழில் சொல்லிக்கொடுத்த அந்த மாஸ்டர் அதற்குள் அடுப்புக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். "சூடு சரியா இருக்கா பாருங்கக்கா," என்றான். சித்தி கையை உள்ளே நீட்டிப் பார்த்து, "கொஞ்சம் குறை" என்றாள். அவன் குறைத்தான். ரொட்டி வேகிற நேரம் முழுக்க அவள் உட்காரவே இல்லை. மேஜை மேல் ஓரமாக யாருடையதோ ஓர் ஏப்ரன் மடித்து வைத்திருந்தது. முதலாளி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கேயே இருந்துடேன்," என்றார். நான் எதிர்பார்த்த கிண்டல் அந்தக் குரலில் இல்லை. அதுதான் அதிக எரிச்சலாக இருந்தது.

விடுதிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். "வந்துடுச்சு, அதனால விடறேன். நாளைக்கும் இப்படின்னா வேணாம்மா."

"நாளைக்கு நேரத்துக்கு வரும்," என்றாள் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஏணியில் ஏறி, இளகிய பைப்பை அறுத்து எடுத்தார். சிவப்பு வயரின் ஒட்டு தளர்ந்து, முனை கருகியிருந்தது. அதில் ஒன்றும் ஓடாமல் போக, அத்தனையையும் மஞ்சள் ஒற்றையாகச் சுமந்திருந்தது. அதன் மேலுறை உருகி, பம்பு வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கூரையில் பிடித்திருக்கும்.

அவர் அதை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். நான் கீழே காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன்.

"இப்ப வர்ற டேப்பெல்லாம் சரியா ஒட்டறதே இல்லை," என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சித்திக்கு இரண்டும் வரவில்லை.

"கீழ இறங்குங்க," என்றாள். "நாளைக்கு மதியத்துக்குள்ள எனக்கு லைன் வேணும். நடுவுல ஒரு ஒட்டு கூட இல்லாத புது வயர், ஒரே நீளமா. நீங்க போடறதுன்னா போடுங்க. இல்லைன்னா மார்க்கெட்டுல இருக்காரே, அந்த வயர்மேனைக் கூப்பிடறேன்."

"அவனா? அவன் எர்த்தே கொடுக்க மாட்டான்."

"வயராவது கொடுப்பாருல்ல."

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. தன் வீட்டு வேலைக்கு இன்னொரு வயர்மேன் ஏணியோடு வந்து இறங்குவதைத் தெரு பார்ப்பதென்றால், அவர் நடமாடவே முடியாது.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. எவ்வளவு?"

"பத்து," என்றேன்.

"பத்து இந்தப் பைப்புல நுழையவே நுழையாது," என்றார் சித்தப்பா. அவர் சொன்னது உண்மைதான். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். "எதுக்கு இந்த வழியா போகணும்? அடுப்பு அனல்தானே சண்டை? பின்வாசல் வழியா வெளிய எடுத்து, நிழல் பக்கச் சுவத்தோட கொண்டுவந்து, ஜன்னலுக்குக் கீழ ஓட்டை போட்டு உள்ள விடலாம். தனிப் பைப். கூட யாரும் வர வேணாம்."

நான் அட்டவணையை மறுபடியும் பார்த்தேன். கழிக்க வேண்டியவை ஒவ்வொன்றாக அடிபட்டுப் போயின. அனல் இல்லை, நெருக்கம் இல்லை. சுற்றிப் போவதால் நீளம் கொஞ்சம் கூடியது. அதற்கு ஒரு வோல்ட்டோ இரண்டோ குறையும், பாதகமில்லை. இத்தனை நாளும் நான் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேனே, அந்த வயர் ஏன் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அவர் பரணைத் தாண்டி யோசிக்கவில்லை. நான் புத்தகத்தைத் தாண்டி யோசிக்கவில்லை.

"அப்படிப் போனா ஆறு சரி," என்றேன்.

"நாலே..." என்று தொடங்கினார் சித்தப்பா.

"ஆறு," என்றாள் சித்தி. "ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா நான் விறகு அடுப்பு கட்டிக்கறேன்."

மறுநாள் காலையில் புதுச் சுருள் வந்தது. உறையைப் பிரித்து வயரை இழுக்கும்போது சித்தப்பா ஒவ்வொரு அடிக்கும் முனகினார். ஆறு ஸ்கொயர் ரெண்டரை மாதிரி வளைந்து கொடுக்காது, மூலையில் முரண்டு பிடிக்கும். அவர் ஒரு முனையிலிருந்து தள்ள, நான் மறுமுனையில் இழுத்தேன். "இழு, இழு. காலேஜுல சாப்பாடு போடலையா?" என்றார். நிலத்துக்குப் போகும் பச்சை வயரையும் நான் கேட்காமலேயே சேர்த்து இழுத்தார். கடைசியில் சுருளில் பத்து முழம் போல மிச்சம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு பரணுக்குப் போகும் வழியைப் பார்த்தார். சித்தி கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார். இன்று அது கொல்லையில் துணி காயும் கொடியாக இருக்கிறது.

அன்று விடுதிக்கு ரொட்டி நேரத்துக்குப் போனது. அந்த வாரம் முழுக்கப் போனது. வார்டன் அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டார், காலைக்கும் கொஞ்சம் கேட்டிருக்கிறார்.

ஆனால் சித்தியிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ஈடும் உள்ளே போனதும், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். ஜன்னலுக்குக் கீழே போகிற பைப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகுதான் அடுத்த மாவைத் தொடுவாள். அது சூடாகாது என்று நானே அளந்து சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள், மறுபடியும் போய்த் தொடுவாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கு அது முள் மாதிரி குத்தும்.

"என் வேலை மேல அவ்வளவுகூட நம்பிக்கை இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லை," என்றாள் சித்தி, மாவை உருட்டிக்கொண்டே.

நேற்றுப் போயிருந்தபோது அவர் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்தார். உள்ளே ஈடு போட்ட சத்தம் கேட்டதும், சித்தி வருவதற்கு முந்திக்கொண்டு பைப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒட்டு இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி, கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார்.

"சில்லுன்னு இருக்கு," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

சித்தி வாசலில் வந்து நின்று, ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"நகருங்க," என்றாள். "நான் பாக்கறேன்."